பின்னால் பார்த்துச் செய்கிறோம்

ஸ்டென்னிங் ஊரின் தெற்கு எல்லையில் இருக்கும் ஓரெஸ்ட் பஸார்கோவின் மாட்டுக் கொட்டகைக்கு நிழல் கிடையாது. ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரனின் விலையில் ஒரு பகுதியாக, தொண்ணூற்றாறாம் வருடம் மார்ச் மாதத்தில் அந்த நிழல் எடுத்துக்கொள்ளப்பட்டது. கொட்டகை உறுதியாகத்தான் நிற்கிறது. சிவப்புச் சாயம் அவ்வப்போது பூசுகிறார்கள். ஜூலை வெயிலில் மட்டும் அதன் நாலு பக்கத்துப் புல்லும் ஒரே மாதிரி காய்கிறது. காப்பீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நிழலுக்கென்று தனியாக ஏதும் தருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் பார்லி விலை சுமாராக இருந்தது.

அந்த ஆட்டக்காரன் ஓரெஸ்ட்தான். வீட்டுக்குப் பின்னால் உறையும் குட்டையில் சறுக்கக் கற்று, பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போய், பதின்மூன்று வருடம் ஒன்பது அணிகளுக்கு ஆடியவன். கோல் போடுவது அவன் வேலை இல்லை. போட வருகிறவனைப் பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்குவது அவன் வேலை. பெரிய லீகில் ஒரு குளிர்காலத்தின் பாதி ஆடினான். மீதி எல்லாம் பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே சாப்பிட்டு, ஊர் ஊராகப் போகும் சின்ன லீகுகள். மூக்கு இரண்டு திசையில் திரும்பியிருந்தது. மேல் பல் வரிசையை மேஜை மேல் கழற்றி வைத்துவிட்டுத்தான் சூப் குடிப்பான். சிரித்தால், கடும் குளிரில் பழைய டிரக் கிளம்புவது போல மூன்று முறை இழுத்து, பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஸ்டென்னிங் ஆட்டக்கூடத்தில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த ஸ்டெஃபா அவனைக் கட்டிக்கொண்டாள்.

கட்டிக்கொண்ட பிறகு அவள் கற்றது பெட்டி கட்டுவதை. தொலைபேசி அடிக்கும். மேலாளர் ஒருவர், உன்னை மாற்றிவிட்டோம், நல்ல பையன் நீ, நன்றி என்பார். ஓரெஸ்ட் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "சரி, பிளேன் எத்தனை மணிக்கு?" தனக்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அவன் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று அந்த விளையாட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காதபோது, அவன் பெயரை ஒரு நாள் முழுக்க எல்லா அணிகளுக்கும் ஏலம் போல அறிவிப்பார்கள். வேண்டும் என்று யாராவது சொன்னால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம். ஓரெஸ்டின் பெயரை அப்படி நாலு முறை அறிவித்தார்கள். நாலு முறையும் அவன் ஏதோ ஒரு விடுதி அறையில் தொலைபேசியைப் பார்த்தபடி கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தான். நாலு முறையும் யாரும் கேட்கவில்லை. ஸ்டெஃபா பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய காலுறைகளைத் திரும்பத் திரும்ப மடித்து வைத்தாள்.

எண்பத்தொன்றாம் வருடம் மார்ச்சில், சுபீரியர் ஏரிக்கரையில் இருந்த போர்ட் ஆலார்ட் அணி அவனை கிரேவல் ரிவர் அணிக்குக் கொடுத்தது. வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது வானொலியில் செய்தி வந்தது. பதிலாக என்ன தருவார்கள் என்று கேட்டதற்கு கிரேவல் ரிவர் அணியினர் பின்னால் பார்த்துச் செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஓரெஸ்ட் வானொலியை அணைத்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆப்பிள் பை சாப்பிடறியா? அந்தக் கடை நல்லாருக்கும்" என்றான். ஸ்டெஃபா சாப்பிட்டாள். அப்போது அவள் வயிற்றில் டார்கா இருந்தாள்.

அந்தப் 'பின்னால்' வரவே இல்லை. கிரேவல் ரிவர் அணி இரண்டே குளிர்காலத்தில் கலைந்தது. போர்ட் ஆலார்ட் ஆட்டக்கூடத்தின் கூரை பனிப் பாரத்தில் இறங்கியது. அணியும் அதோடு போயிற்று. இடத்தை வாங்கிய ஒருவர் கூரையைச் சரிசெய்து டயர்க் கடை வைத்தார். போர்ட் ஆலார்ட் மேலாளர் லோர்ன் பெட்டிகிரூ தொண்ணூற்றிரண்டில் மாரடைப்பில் இறந்தார். பழைய ஆட்டக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். முன் இடது மூலையைத் தூக்கியவன் ஓரெஸ்ட்.

அதற்குள் ஓரெஸ்ட் ஓய்வு பெற்று ஊரோடு வந்து, பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு மாடுகளோடு இருந்தான். தொலைபேசி அடித்தால் மட்டும் அவனுக்கு வியர்த்துவிடும். அதனால் சமையலறைச் சுவரில் இருந்த பழைய கருவியின் கம்பியை வெட்டிவிட்டு, மெதுவாக அடிக்கும் புதியது ஒன்றை உள்ளறையில் வைத்தார்கள். பழையதை எடுத்தால் சுவரில் வெளுத்த கட்டம் தெரியுமே என்று ஸ்டெஃபா அதை அங்கேயே விட்டுவைத்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் உண்டு. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எந்த அணியும் யாரையும் மாற்ற முடியாது. ஊரில் அதைக் கெடு நாள் என்பார்கள்; ஆஸ்பத்திரியில் கூட வானொலி ஓடும். தொண்ணூற்று நாலாம் வருடக் கெடு நாளில் ஸ்டெஃபா பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, கம்பி வெட்டிய தொலைபேசி அடித்தது. மாவுக் கையோடு எடுத்தாள்.

"மிஸஸ் பஸார்கோவா? லோர்ன் பெட்டிகிரூ பேசறேன், போர்ட் ஆலார்ட்லேருந்து. சௌக்கியமா?"

"நல்லாருக்கோம், மிஸ்டர் பெட்டிகிரூ. உங்க அடக்கத்துக்கு ஓரெஸ்ட் வந்திருந்தானே."

"பார்த்தேன். முன்னாடி இடது பக்கம். சாயாம நல்லாத் தூக்கினான். அவன் விஷயமாத்தான் பேசறேன். கிரேவல் ரிவர்காரங்க தரவேண்டியது இன்னும் நிலுவையில நிக்குது."

கிரேவல் ரிவர் அணியே இப்போது இல்லையே என்றாள் ஸ்டெஃபா. அது தெரியும் என்றார் அவர். ஆனால் ஆள் இருக்கிறான். ஆளை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் தரவேண்டும், லீகில் எப்போதும் அப்படித்தான். ஆளை வைத்திருப்பது நீங்கள்தானே, மிஸஸ் பஸார்கோ? வைத்திருப்பது அவள்தான். முதல் தவணையாக வீட்டுக் காப்பியின் வாசனையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காப்பி கறுப்பாக இருந்தது, சூடாக இருந்தது, வாசனை இல்லை. பக்கத்துப் பண்ணையில் இருந்து வந்த வால்டர் ப்ரோடி ஒரு வாய் குடித்துவிட்டு, "பாஸி, இது என்னடா, பேட்டரித் தண்ணியா?" என்றார். ஓரெஸ்டை ஊரில் எல்லோரும் பாஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடுத்த வருடம், ஸ்டெஃபாவின் தாய் கொடுத்த ரொட்டிக் கத்தியின் கூர்மை போயிற்று. அதற்கடுத்த வருடம் கொட்டகை நிழல். அதற்கடுத்து ஸ்மெட்டானாவின் குரைப்பு. ஸ்மெட்டானா வெள்ளை நாய். வாசலில் யாராவது வந்தால் முன்போலவே வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு குழம்பிப்போய்த் தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்க்கும். போவதெல்லாம் தொலைவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் அடியாகக் கிட்டே வருகிறது என்பதை ஸ்டெஃபா அப்போதுதான் கவனித்தாள். அதற்குப் பிறகு குளிர்காலம் வந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தொலைபேசியைக் கழற்றிக் குப்பைமேட்டில் போட்டுப் பார்த்தார்கள். கெடு நாளில் சுவரின் வெளுத்த கட்டம் அடித்தது. சுவரோடு எப்படிப் பேசுவது என்று திரும்பப் போய்த் தேடி எடுத்துவந்து மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டாம் வருடம் கெடு நாளன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ரெஜைனாவுக்கே போய்விட்டார்கள். கடைவீதியில் டார்காவுக்குப் புது ஸ்கேட் வாங்கினார்கள். ஒரு கடைக்காரர் ஏதோ நகைச்சுவை சொன்னார். ஓரெஸ்டின் தோள் மூன்று முறை குலுங்கியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாவிட்டால் பெட்டிகிரூவே பொருளின் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார் என்று இப்படித்தான் தெரிந்தது.

தொண்ணூற்றொன்பதில் ஸ்டெஃபா தொலைபேசி அருகிலேயே காலையிலிருந்து நின்றாள். பெட்டிகிரூ நல்ல மனநிலையில் இருந்தார்.

"இந்த வருஷம் ஒண்ணும் வேணாம், மிஸஸ் பஸார்கோ. பொண்ணு எப்படி இருக்கா? கோல்ல நிக்கறாளாமே?"

"பள்ளிக்கூட டீம்தான். சும்மா பொழுதுபோக்கு."

"சும்மாவா? இடது கை மின்னல் மாதிரின்னு கேள்விப்பட்டேன். சரி, அடுத்த வருஷம் எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுக்கலாம்."



அந்த ஒரு வருடம் அவள் எப்படி இருந்தாள் என்பதை ஊர் பார்த்தது. டார்கா முற்றத்தைக் கடக்கும்போது ஜன்னலில் நின்று அவளுக்கு நிழல் விழுகிறதா என்று பார்ப்பாள். இருமினால் சத்தம் வருகிறதா என்று கேட்பாள். ஆட்டம் பார்க்கப் போனால் ஐஸைப் பார்க்க மாட்டாள். கோலுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி நின்று மகளின் முதுகில் இருந்த பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள், எழுத்து ஏதும் உதிர்கிறதா என்று. பாதிரியாரிடம் போய்க் கேட்டாள். அவரும் ஒரு காலத்தில் வலது ஓரத்தில் ஆடியவர். நெடுநேரம் யோசித்துவிட்டு, லீக் விஷயங்களில் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

வேறு ஊராக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள், வக்கீலைப் பார்த்திருப்பார்கள். ஸ்டென்னிங்கில் அந்த எண்ணமே யாருக்கும் வரவில்லை. மாற்று என்றால் மாற்று. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கூட்டுறவுக் கடையில் காலைக் காப்பிக்குக் கூடும் ஆண்கள், இறந்துபோன மேலாளர் கேட்கலாமா என்று ஒரு நாளும் விவாதிக்கவில்லை. என்ன கொடுத்தால் ஈடாகும் என்றே விவாதித்தார்கள். "ஒரு ஆட்டக்காரனுக்கு, கோல் காக்கற கோலி ஒருத்தி. நியாயமாப் பார்த்தா பாஸிக்கு அது ரொம்ப ஜாஸ்தி" என்று வால்டர் ப்ரோடி ஒரு நாள் சொல்லிவிட்டார். மேஜையில் யாரும் கோப்பையைத் தூக்கவில்லை. மறுநாள் அவர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைப் பஸார்கோ வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவைத் தட்டாமல் போனார்.

பிப்ரவரியில் ஊர் கூடி, டார்காவுக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு தொகுப்பு தயார் செய்தது. தானிய உயர்கோபுரத்தின் நிழல். அது ஊரிலேயே பெரியது. தண்ணீர்த் தொட்டிக்குள் கத்தினால் வரும் எதிரொலி. லூத்தரன் சபைப் பாட்டுக்குழுவின் மூன்று தாழ்குரல்கள். வால்டர் ப்ரோடி தன் பங்காகத் தன்னுடைய விசிலைச் சேர்த்தார். நாற்பது வருடமாக மாடுகளைக் கூப்பிட அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாயிரமாவது வருடக் கெடு நாளில் வெளியே மைனஸ் இருபத்தெட்டு. டார்காவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் சமையலறை மேஜையில் கணக்குப் போட்டபடியே அம்மாவிடம் சொன்னாள்:

"மாமோ, நீ உக்காரு. கெடு நாள்ல கோலிய மாத்தறது அபூர்வம். நல்ல டீமுக்கெல்லாம் கோலி இருக்கும்."

"அந்த டீமுக்கு ஒண்ணுமே இல்லடி. அதான் பயமா இருக்கு."

ஓரெஸ்ட் கதவோரம் ஸ்டூலில், பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கெடு நாளிலும் அவன் அப்படித்தான் உட்காருவான். ஆடிய காலத்துப் பழக்கம். வானொலியில் யாரை யாருக்கு மாற்றினார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

ஸ்டெஃபா எடுத்து, நலம் விசாரித்து, ஊர் கொடுத்த தொகுப்பை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மனப்பாடம் செய்திருந்தாள். பெட்டிகிரூ பொறுமையாகக் கேட்டார்.

"பெரிய மனசு. உங்க ஊர்க்காரங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆனா நிழல் போதும், மிஸஸ் பஸார்கோ. எங்களுக்குக் கோல்ல நிக்க ஆள் இல்ல. எட்டு வருஷமா வெறும் வலை. பேரை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஸ்டெஃபா வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் ஸ்கேட்டுகள் ஐஸைக் கீறும் சத்தமும், பலகையில் ரப்பர் தட்டு மோதும் சத்தமும், நாய் ஒன்று குரைப்பதும் கேட்டன. யாரோ மூன்று முறை இழுத்துச் சிரித்தார்கள். மேஜையில் டார்காவின் பென்சில், கணக்கின் நடுவில் நின்றது. நோட்டு அட்டையில் இருந்த அவள் பெயரின் முதல் எழுத்து லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஓரெஸ்ட் எழுந்து வந்து மனைவியின் கையிலிருந்து பேசியை வாங்கினான். அத்தனை வருடத்தில் அவன் அந்தக் கருவியில் பேசியது அதுதான் முதல்முறை.

"லோர்ன், பேரை நான் சொல்றேன்."

"பாஸியா? சொல்லு பையா."

"ஓரெஸ்ட் பஸார்கோ."

மறுமுனையில் ஸ்கேட் சத்தம் நின்றது.

"உனக்குப் பதிலா உன்னையேவா? எல்லாரும் சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும். என் சிரிப்பு அங்கதானே இருக்கு. நான் எவ்வளவு பெறுவேன்னு இவ்வளவு வருஷமா யாரும் சொல்லல. நான் சொல்றேன். நான் பெறறது என்னை மட்டும்தான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஆளுக்கு ஆள் சரியாப் போச்சு."

"முழங்கால் எப்படி?"

"ரெண்டும் போச்சு."

பெட்டிகிரூ பெருமூச்சு விட்டார். இறந்தவர்கள் பெருமூச்சு விடும்போது காதில் குளிர் அடிக்கும் என்று ஓரெஸ்ட் பிறகு சொன்னான். நியாயத்துக்குப் புறம்பாக ஏதும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை காலை வந்து சேர வேண்டும் என்றார். ஓரெஸ்ட், பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்து, "வண்டியிலேயே வந்துடறேன்" என்றான். இரண்டு மணி அடித்தது. வானொலியில் அன்றைய மாற்றுகளைப் படித்து முடித்தவர், கடைசியாக, எண்பத்தொன்றாம் வருட மாற்று ஒன்றை நிறைவு செய்யும் வகையில் போர்ட் ஆலார்ட் அணி தற்காப்பு ஆட்டக்காரர் ஓரெஸ்ட் பஸார்கோவைப் பெறுகிறது என்று படித்தார். பிறகு வானிலை சொன்னார்.

டார்கா அப்பாவிடம் அழுதாள். "டாட்டோ, நீங்க ஏன் சொன்னீங்க? நான் போயிருப்பேன்."

"நீ போனா அங்க யார் உனக்கு முன்னாடி நிப்பா? அங்க தற்காப்புக்கு ஆள் கிடையாது."

ஸ்டெஃபா பெட்டி கட்டினாள். கை தானாகக் கட்டியது: இரண்டு சட்டை, கம்பளி உள்ளாடை, பல் டப்பா, முழங்கால் பட்டை. மகள் தப்பினாள் என்ற மூச்சு இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, அதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் இந்தப் பெட்டி போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே அவளும் போயிருக்கிறாள். இந்த ஊருக்கு எப்படிப் போவது? அங்கே ஆடுகிறவர்கள் எல்லாம் செத்தவர்கள். ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் உறைந்த பெரோகியை நிரப்பி, நாயையும் ஏற்றிக்கொண்டு, மூவரும் டிரக்கில் கிழக்கே கிளம்பினார்கள். வின்னிபெக்கில் ஒரு நாள் தங்கினார்கள். அதற்குப் பிறகு பாறையும் மரமும் ஏரியும்தான். ஓரெஸ்ட் ஓட்ட, ஸ்டெஃபா அவன் கோட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய ஆப்பிள் பை கடை மூடியிருந்தது.

போர்ட் ஆலார்டில் டயர்க் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரைச் சரிவில், வெள்ளைப் பனியின் மேல் அவர்கள் கொட்டகையின் நிழல் கிடந்தது. கூரை முனையில் இருந்த காற்றுத் திசைகாட்டி உட்பட அப்படியே இருந்தது. அங்குள்ள சூரியனைப் பொருட்படுத்தாமல் ஸ்டென்னிங் மணிக்குத்தான் அது சாய்ந்திருந்தது. கடைக்குள் காப்பி மணத்தது. கடைக்காரர் எய்னோ லாசிலா, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஓ, இதெல்லாம் உங்களுதா? ஒவ்வொரு மார்ச்லயும் ஒண்ணு வந்து இறங்கும். கேக்க ஆள் வருவாங்கன்னு தூக்கி எறியல. அந்தச் சிரிப்பு டயர் அடுக்குக்குள்ள இருக்கு. முதல் வருஷம் திருடன்னு நினைச்சேன். இப்ப அது இல்லாட்டி எனக்குப் பொழுது போகாது."

சிமெண்டுத் தரையில், எண்ணெய்க் கறைக்கு அடியில், பழைய ஆடுகளத்தின் சிவப்பு நடுக்கோடு இன்னும் தெரிந்தது. ஓரெஸ்ட் போய் அதன் மேல் நின்றான். நின்றதும் அவன் மூச்சு ஆவியானது. பூட்ஸுக்கு அடியில் தரை வெண்மையாக உறைந்து, டயர் அடுக்குகள் வரை பரவியது. எய்னோ ஒரு வாடிக்கையாளரின் காரை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார். தன் கோட்டை இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டெஃபாவின் கையை ஓரெஸ்ட் மெதுவாக எடுத்துவிட்டான்.

"பஸார்கோ. நாலாம் நம்பர். வந்துட்டேன்" என்றான்.

கல்லாப் பக்கத்தில் இருந்த தொலைபேசி அடித்தது. எய்னோ எடுத்துக் கேட்டுவிட்டு, உரக்கச் சொன்னார். "பாக்கி தீர்ந்ததாம். ஆளைப் பார்த்தாங்களாம். முழங்கால் சொன்னதைவிட மோசமாம். வெச்சுக்க முடியாதாம். லீக் முறைப்படி நாளை மத்தியானம் வரைக்கும் பேரை அறிவிச்சு வைப்பாங்களாம். வேணும்கிறவங்க எடுத்துக்கலாம். யாருக்கும் வேணாம்னா, இங்கயே இருக்க வேண்டியதுதானாம்."

ஓரெஸ்டின் முகம் பழைய விடுதி அறைகளில் இருந்த முகமாக மாறியது. நடுக்கோட்டின் மேல் நின்றபடி தொலைபேசியையே பார்த்தான். பூட்ஸைச் சுற்றி ஐஸ் கணுக்கால் வரை ஏறத் தொடங்கியது. ஸ்டெஃபாவுக்கு அந்த முகத்தைத் தெரியும். அந்த நாலு தடவையும் காலுறை மடித்தபடி பக்கத்தில் இருந்திருக்கிறாள். கேட்கும் உரிமை அணிகளுக்குத்தான் என்று நினைத்து நாலு தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் ஆளை வைத்திருப்பது நீங்கள்தானே என்று சொன்னவரே இவர்தான். நிலுவையைக் கேட்கும்போது அவளை ஓர் அணியாகத்தானே எண்ணினார்?

அவள் எய்னோவின் கையிலிருந்து பேசியைப் பிடுங்கினாள்.

"மிஸ்டர் பெட்டிகிரூ, நான் ஸ்டெஃபா. எனக்கு வேணும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு, மிஸஸ் பஸார்கோ. நிதானமா யோசிச்சு—"

"யோசிச்சாச்சு. வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இல்ல."

"அப்ப எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். ஐஸ் உருகித் தரை வடிகாலில் போயிற்று. பிறகு டயர் அடுக்குக்குள் மூன்று முறை இழுக்கும் சத்தம் கேட்டது. நாலாவது முறை அது அவன் வாயிலிருந்து வந்தது. வந்த வேலையோடு வேலையாக எய்னோ டிரக்கின் முன் டயர்கள் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். பெரோகி வாளியை அவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

திரும்பும்போது சிரிப்பையும் குரைப்பையும் ரொட்டிக் கத்தியின் கூர்மையையும் காப்பி வாசனையையும் டிரக்கின் முன் இருக்கையிலேயே வைத்து, ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டிரைடன் ஊருக்கு முன்னால் ஒரு வளைவில் ஸ்மெட்டானாவுக்காகக் கதவைத் திறந்தபோது வாசனை வெளியே போய்விட்டது. லாரிக்காரர்கள் இன்றைக்கும் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்து, காப்பிக் கடை எங்கே என்று பார்க்கிறார்கள். கொட்டகை நிழல் டிரக்கில் ஏறவில்லை. கோடையில் அந்த நிழலில் வாடிக்கையாளர்களின் கார்களை நிறுத்துவதாக எய்னோ சொல்லியனுப்பினார். ஸ்டென்னிங் மாடுகள் பழைய ஞாபகத்தில் கொட்டகைக்குக் கிழக்கே வரிசையாக வெயிலில் நிற்கின்றன.

டார்கா ஒரு பல்கலைக்கழக அணிக்குக் கோலியாகப் போனாள். இப்போது சாஸ்கடூனில் பல் மருத்துவர், அப்பாவுக்குப் புது வரிசை கட்டிக் கொடுத்திருக்கிறாள். கம்பி வெட்டிய தொலைபேசி இன்னும் சமையலறையில் இருக்கிறது. லீக் விதிப்படி, எடுத்துக்கொண்ட ஆளை ஒவ்வொரு வருடமும் உறுதி செய்ய வேண்டுமாம். கெடு நாளில் மணி அடிக்கும். ஓரெஸ்ட் பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஓரெஸ்ட் பஸார்கோ இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று பெட்டிகிரூ கேட்பார். ஸ்டெஃபா பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மாவைப் பிசைந்தபடியே, இங்கே வேணும் என்பாள். போன வருடம் பனிப்புயலில் லைன் சரியாக இல்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.